மூளை ஆய்வும் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரும்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

உடலினின்றும் எடுக்கப்பட்ட நிலையில் மூளை மிக மென்மையான பொருள். கட்டித் தயிரைப் போல விரல் பட்ட இடம் குழையும். அதனை உள்ளபடியே வெட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் கண்ணுக்கு யாதும் புலப்படாது. போமலின் கரைசலில் நாட்கணக்காக ஊறவைத்து இறுகச் செய்து, மதுசாரத்தினால் நீரகற்றி, உருகிய பரபின் மெழுகில் பதித்து, மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கு தடிப்புடைய சீவல்களாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி, நிறமூட்டிய பின்னரே நரம்புக்கலம் கண்ணுக்குத் தெரியும். இவற்றுள் ஒரு படி பிழைத்தாலும் பார்ப்பவர் காண்பது மூளையின் இயல்பன்று, தயாரித்தவரின் தவறே. ஆகவே, மூளையைப் பற்றி மனிதகுலம் பெற்றுள்ள அறிவு, மூளையைப் பார்த்தவர்களால் மாத்திரம் உருவானதன்று. அதனைப் பார்ப்பதற்கு உரியதாக ஆக்கிய கைகளாலும் உருவானதாகும்.

எனினும், விஞ்ஞான வரலாற்று நூல்கள் பார்த்தவரின் பெயரைக் கூறுமளவுக்கு ஆக்கியவரின் பெயரைக் கூறுவதில்லை. இதற்கான காரணத்தை வரலாற்றாசிரியர் ஸ்ரீவன் ஷேப்பின் 1989 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் ஆராய்ந்தார். 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் றொபேட் பொயிலின் ஆய்வுகூடத்தில் பலர் கூலிக்கு உழைத்தனர். கருவியை இயக்கியவரும் அளவீட்டைக் குறித்தவரும் பெரும்பாலும் அவர்களே. ஆயினும், பிறரிடம் ஊதியம் பெறுபவர் சுதந்திரமான சாட்சியாகார் என்பது அக்காலச் சமூகத்தின் எண்ணம். எனவே அவர்கள் கண்டது எசமானர் கண்டதாகவே எழுதப்பட்டது. கருவி பழுதுற்றபோதும் பரிசோதனை பிழைத்தபோதும் மட்டும் அவர்கள் எழுத்தில் தோன்றினர். மூளை உழைப்பு உயர்ந்தது, கை உழைப்பு தாழ்ந்தது என்ற பழைய சமூகப் பாகுபாடு ஆய்வுகூடத்தின் உள்ளேயும் நுழைந்ததன் விளைவு இது. மூளையையே ஆராயும் துறையில் இப்பாகுபாடு எவ்வாறு இயங்கி வந்துள்ளது என்பதையும், மட்டக்களப்பு வாவிக்கரை மக்களின் வாழ்வோடு அது எவ்வாறு தொடர்புறுகின்றது என்பதையும் நோக்குவது பயனுடையது.

கையிலிருந்து கைக்குச் சென்ற அறிவு

நவீன மூளை உடற்கூற்றியலின் தொடக்க நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுவது தோமஸ் வில்லிஸ் 1664 இல் வெளியிட்ட நூலாகும். அதற்குரிய அறுவைப் பணியிற் பெரும்பங்கு றிச்சட் லோவருடையது. படங்களை வரைந்தவர் பிற்காலத்தில் கட்டடக் கலைஞராகப் புகழ்பெற்ற கிறிஸ்தோபர் றென். வில்லிஸ் தமது முன்னுரையில் இவர்களின் உதவியை வெளிப்படையாகக் கூறினார். அவ்வாறு கூறப்பட்டமையாலேயே இன்று அப்பெயர்கள் தெரிகின்றன. இருவரும் கல்வியும் சமூகத் தகுதியும் உடையவர்கள் என்பதையும் மறத்தலாகாது. அத்தகுதி இல்லாத உதவியாளர் பலரின் பெயரைக் காலம் காக்கவில்லை.

1873 இல் இத்தாலியில் அபியாதெகிராசோ என்னும் சிற்றூரிலிருந்த நாட்பட்ட நோயாளர் வைத்தியசாலையில், சமையலறையொன்றை ஆய்வுகூடமாக மாற்றிப் பணிபுரிந்த கமிலோ கொல்ஜி, பொற்றாசியம் இருகுரோமேற்றில் இறுகச் செய்த மூளைத் துண்டுகளை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இட்டு, நரம்புக்கலங்களைக் கரிய நிறத்திற் காட்டும் முறையைக் கண்டார். ஸ்பானியரான சந்தியாகோ றமோன் இ கஹால் 1887 இல் அம்முறையைக் கண்ணுற்று, அதனைத் திருத்தி, நரம்புக்கலங்கள் தனித்தனியானவை என்ற முடிவுக்கு வந்தார். இருவருக்கும் 1906 இல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசின் அடிப்படை ஒரு நிறமூட்டும் முறையே. கரைசலின் செறிவு, ஊறவைக்கும் நாட்கள், வெப்பநிலை ஆகியவற்றில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் படிவு மாறிவிடும். இத்தகைய அறிவை நூலில் முழுமையாக எழுதிவிட இயலாது. வில்டர் பென்பீல்ட் என்ற நரம்பறுவை மருத்துவர், மூளையின் தாங்கு கலங்களுக்கு நிறமூட்டும் முறையைக் கற்பதற்காக 1924 இல் அமெரிக்காவிலிருந்து மத்ரித் நகருக்குச் சென்று, பியோ டெல் றியோ ஓர்த்தேகாவின் ஆய்வுகூடத்தில் தங்கிப் பயின்றார். அச்சிடப்பட்ட கட்டுரைகள் அவருக்குக் கிடைக்காமலில்லை. செய்பவரின் பக்கத்தில் நின்று பார்த்தாலன்றி அந்த நுட்பம் கைக்கு வராது என்பதே அப்பயணத்தின் பொருள்.

இதே காலப்பகுதியில் மூளையின் மின்னலைகளைப் பதியும் முறையும் தோன்றியது. ஜேர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பேகர் 1924 இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிந்து, 1929 இல் அதனை வெளியிட்டார். இத்துறை அமெரிக்காவில் வளர்ந்த வரலாற்றில் ஏர்னா கிப்ஸின் பெயர் முக்கியமானது. ஜேர்மனியிலிருந்து பொஸ்ரனுக்கு வந்து, வலிப்பு நோய் ஆராய்ச்சியாளரான வில்லியம் லெனொக்ஸிடம் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராகப் பணிபுரிந்த இவர், 1930 இல் அங்கு ஆய்வு செய்த பிரடெரிக் கிப்ஸை மணந்தார். கணவனும் மனைவியும் சேர்ந்து தொகுத்த மூளை மின்னலை வரைபடத் தொகுதி 1941 இல் இருவரின் பெயரிலும் வெளிவந்தது. தொழினுட்பவியலாளர் ஒருவர் நூலாசிரியராக உயர்ந்த அரிய நிகழ்வு இது. ஆயினும் 1951 இல் லஸ்கர் விருது வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர்கள் லெனொக்ஸும் பிரடெரிக் கிப்ஸுமே. நூலின் முகப்பில் இடம்பெற்ற பெயர் விருதுப் பட்டியலில் இடம்பெறவில்லை.

விசர்நாய்க்கடியும் மூளை ஆய்வுகூடமும்

ஐரோப்பாவில் நிகழ்ந்த இவ்வளர்ச்சி தென்னாசியாவின் பொதுமக்களை வந்தடைந்த முதல் வழிகளுள் ஒன்று விசர்நாய்க்கடி நோய். இந்நோயை உண்டாக்கும் வைரசு கடிவாயிலிருந்து நரம்பு வழியாக ஏறி மூளையை அடைவது. அறிகுறிகள் தோன்றிய பின்னர் பிழைத்தோர் மிக மிக அரியர். எனவே இந்நோய்க்கான தடுப்பு மருந்தும் நோயறியும் முறையும் மூளைத் திசுவைக் கையாளும் ஆய்வுகூடங்களிலேயே உருவாகின.

1885 யூலை 6 ஆம் திகதி லூயி பாஸ்டர், நாயினால் கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப் மைஸ்ரருக்குத் தமது தடுப்பு மருந்தை ஏற்றுவித்தார். அம்மருந்து, நோயூட்டப்பட்ட முயலின் முண்ணாணைக் குடுவையிற் தொங்கவிட்டு உலர்த்திப் பெறப்பட்டது. முயலின் மண்டையோட்டைத் துளையிடுதல், முண்ணாணை எடுத்தல், உலர்ந்த நாட்களைக் கணக்கிட்டுத் தரம் பிரித்தல் என்பன ஆய்வுகூட உதவியாளரின் அன்றாடப் பணிகள். அவ்வுதவியாளருள் ஒருவரான அத்ரியன் லுவார், பாஸ்டரின் மனைவியின் சகோதரி மகன். அவர் தமது நினைவுகளை எழுதி 1938 இல் வெளியிட்ட நூலுக்கு இட்ட பெயர் "பாஸ்டரின் நிழலில்" என்பது. பிற்காலத்தில் தூனிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிய ஒருவரே தம் இளமைப் பணியை நிழல் என்ற சொல்லாற் குறித்தார் எனின், அவ்வாய்ப்புக் கிட்டாத ஏனைய உதவியாளரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

1903 இல் பாவியா நகரில், கொல்ஜியின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்த அதெல்கி நெக்ரி, விசர்நோயால் இறந்த விலங்குகளின் நரம்புக்கலங்களுள் உருண்டையான உட்பொருள்கள் இருப்பதைக் கண்டார். அவை இன்றும் நெக்ரி உடல்கள் எனப்படுகின்றன. மூளையின் அமைப்பை அறிவதற்காக வளர்க்கப்பட்ட நிறமூட்டற் கலை, கடித்த நாய்க்கு விசர் இருந்ததா இல்லையா என்ற வினாவுக்கு விடை கூறும் கலையாயிற்று.

இந்தியாவில் 1900 இல் கசௌலியிலும் 1907 இல் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் தோன்றின. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911 இல் உருவாக்கிய தடுப்பு மருந்து பல்லாண்டுகள் தென்னாசியா எங்கும் வழங்கியது. வயிற்றில் நாடோறும் ஏற்றப்பட்ட அந்த ஊசிகளை முதியோர் இன்றும் அச்சத்தோடு நினைவுகூர்வர். அம்மருந்துக்கு மூலப்பொருள் ஆட்டு மூளை. நோயூட்டப்பட்ட ஆட்டின் மூளையை எடுத்து, அரைத்து, பீனோலினால் வைரசைச் செயலிழக்கச் செய்து, தூய்மை காத்துப் போத்தலில் அடைப்பது அபாயம் மிக்க தொழில். மருந்தில் எஞ்சிய நரம்புத் திசு ஏற்றப்பட்டோருட் சிலருக்கு வாதத்தை உண்டாக்கியதுமுண்டு. கலவளர்ப்பு மருந்துகள் வந்தமையால் அத்தொழில் படிப்படியாக மறைந்தது.

இலங்கையில் 1893 இலேயே விசர்நோய்க் கட்டளைச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1900 அளவில் கொழும்பில் நிறுவப்பட்ட த சொய்சா பற்றீரியவியல் நிறுவகமே பின்னர் பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமாக வளர்ந்தது. அதன் இயக்குநராக 1903 இல் வந்தவர் அல்டோ கஸ்தெல்லானி. அதற்கு முன்னர் உகண்டாவில் உறக்க நோயாளரின் மூளைய முண்ணாண் பாய்பொருளில் திரிப்பனோசோம் என்னும் ஒட்டுண்ணியைக் கண்டவர் அவர். அக்கண்டுபிடிப்பின் பெருமை யாருக்குரியது என்பது பற்றி அவருக்கும் டேவிட் புரூசுக்கும் இடையே நெடுங்காலப் பிணக்கு நிலவியது. பெருமைக்காக வாதிட்ட இருதரப்பிலும் பாய்பொருளைச் சுழற்றிப் படியச் செய்த உதவியாளருக்கு இடமிருக்கவில்லை. குடியேற்ற நாட்டு ஆய்வுகூடத்தின் அமைப்பும் இதுவே: தலைமை ஐரோப்பியருடையது, கை உழைப்பு உள்நாட்டவருடையது. சுதந்திரத்தின் பின்னர் தலைமையில் இருந்தோர் மாறினர். படிநிலை அவ்வளவாக மாறவில்லை.

வாவிக்கரையிலிருந்து பொரளை வரை

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக நீண்டு, நிலத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் பிரிக்கின்றது. கடலோரமான எழுவான்கரையில் பட்டினமும் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் நெருங்கியுள்ளன. வயலும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த படுவான்கரை நெடுங்காலம் படகையும் "பாதை" எனப்படும் மிதவையையும் நம்பியிருந்தது. மண்முனைத் துறையிற் பாலம் திறக்கப்பட்டது 2014 இலேயே. வயற்காவலிலும் மாட்டுப்பட்டியிலும் நாயோடு வாழும் மக்கள் படுவான்கரையிற் பலர். அங்கு ஒருவரை நாய் கடித்தால், முதலில் வாவியைக் கடந்தாக வேண்டும்.

கடித்த நாய் இறந்துவிட்டால், அல்லது கொல்லப்பட்டால், அதற்கு விசர் இருந்ததா என்பதை அதன் மூளை மட்டுமே கூறும். தலை வெட்டப்பட்டு, பொலித்தீன் உறைகளிற் பொதியப்பட்டு, பனிக்கட்டியோடு பெட்டியில் அடைக்கப்பட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படுகின்றது. நாட்டில் இத்தகைய பரிசோதனை நிகழும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு முன்னூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். 1920களின் இறுதியில் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்த பின்னரும் அது ஓர் இரவுப் பயணம். போர்க்காலத்தில் புகையிரதமும் வீதியும் பலமுறை தடைப்பட்டன. பனிக்கட்டி உருகி, மூளை அழுகிவிட்டால் பரிசோதனையின் விடையை நம்ப இயலாது. அழுகிய மூளையிற் "காணப்படவில்லை" என்பது "நோயில்லை" என்பதாகாது. ஆதலால், கிழக்கின் ஒரு சிற்றூரில் பனிக்கட்டி கிடைத்ததா என்பதே பொரளையில் நுணுக்குக்காட்டி காட்டும் முடிவைத் தீர்மானித்த காலங்கள் இருந்தன.

பெட்டியைப் பெறுபவர் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர். கடித்த திகதி, கடியுண்டவர் தொகை, நாய்க்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டதா என்ற விபரங்களை அவர் முதலிற் பதிவு செய்கின்றார். தடித்த கையுறையும் முகமூடியும் கண்காப்பும் அணிந்து மண்டையோட்டைத் திறக்கின்றார். வாளாற் சிதறும் நுண்துளிகளும் அபாயமானவை. எனவே அவர் தாமே முற்கூட்டித் தடுப்பூசி பெற்றிருத்தலும், குருதியில் எதிருடல் போதியளவு உள்ளதா எனக் காலத்துக்குக் காலம் சோதித்துக்கொள்ளுதலும் அவசியம். மூளையின் உட்புறத்திலுள்ள அமனின் கொம்பு எனப்படும் பகுதி, சிறுமூளை, மூளைத்தண்டு ஆகியவற்றிலிருந்து துண்டுகள் எடுக்கப்படுகின்றன. பழைய முறையில், துண்டைத் தகட்டில் ஒற்றி, மெதிலீன் நீலமும் பியூக்சினும் கலந்த சாயத்தில் இட, நரம்புக்கலம் நீலமாகவும் நெக்ரி உடல் செந்நிறமாகவும் தோன்றும். ஆனால் நோயுற்ற எல்லா மூளையிலும் நெக்ரி உடல் காணப்படுவதில்லை. ஐயம் நேர்ந்தால், மூளைக் கரைசலைச் சுண்டெலிகளுக்கு ஏற்றி வாரக்கணக்கிற் காத்திருக்க வேண்டியிருந்தது. கடியுண்டவரின் குடும்பம் அத்தனை நாளும் காத்திருந்தது.

1958 இல் கோல்ட்வாசர், கிஸ்லிங் என்போர் அறிமுகஞ் செய்த ஒளிரும் எதிருடற் பரிசோதனை அந்தக் காத்திருப்பைச் சில மணித்தியாலங்களாகக் குறைத்தது. அசற்றோனிற் பதப்படுத்திய தகட்டின்மேல் ஒளிரும் சாயம் பிணைத்த எதிருடலை இட்டு, உரிய வெப்பநிலையில் வைத்துக் கழுவி, ஊதாக் கடந்த ஒளியிற் பார்க்கும்போது வைரசு உள்ள இடம் பச்சை நிறத்தில் ஒளிரும். நோயுள்ளது என முன்னரே அறியப்பட்ட தகடும் நோயற்றதென அறியப்பட்ட தகடும் ஒவ்வொரு முறையும் உடன்வைத்துப் பார்க்கப்படுகின்றன. சரியாகக் கழுவாத தகடு பொய்யாக ஒளிரும். மிகையாகக் கழுவிய தகடு மெய்யையும் மறைக்கும். முடிவிற் கையெழுத்திடுபவர் மருத்துவ நிபுணர். ஆயின் அந்தப் பச்சை ஒளி மெய்யா பொய்யா என்பது கழுவிய கையில் அடங்கியுள்ளது.

சிகிச்சையை ஆய்வுகூட முடிவு வரும் வரை தாமதித்தலாகாது என்பது மருத்துவ விதி. எனினும், முடிவு நோயில்லை என வந்தால் ஏற்றும் ஊசிகளை நிறுத்தலாம். நோயுண்டு என வந்தால் அதே நாயுடன் பழகிய ஏனையோரைத் தேடிச் செல்லலாம். 1973 இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி ஏற்றும் பணி 1970களின் நடுப்பகுதியில் முடுக்கிவிடப்பட்டது. 2010களின் நடுப்பகுதி தொடக்கம் இறப்புகள் ஆண்டுக்கு இருபது, முப்பது அளவிலேயே உள்ளன. இவ்வீழ்ச்சியின் பெருமை தடுப்பூசித் திட்டத்துக்குரியது. எந்த ஊரில் நோய் உலவுகின்றது எனத் திட்டத்துக்குக் காட்டியது மூளைத் தகடு.

மின்னலையைப் பதிபவர்

உயிருள்ள மூளையோடு தொழில் செய்யும் தொழினுட்பவியலாளர் வேறொரு வகையினர். இலங்கைச் சுகாதார சேவையில் மூளை மின்னலைப் பதிவாளர் தனியொரு பதவி வகுப்பாக உள்ளார். 1958 இல் ஹேபேட் ஜஸ்பர் வகுத்த பத்து-இருபது முறைப்படி, மண்டையின் நீளத்தையும் சுற்றளவையும் அளந்து, நூற்றுக்குப் பத்து, இருபது என்ற விகிதத்தில் இடங்களைக் குறித்து, மின்வாய்களை ஒட்டுவது அவரது முதற் பணி. பரிசோதனைக்கு வருபவர் தலையில் எண்ணெய் இன்றி வரவேண்டும் என்பது விதி. எண்ணெய் தேய்த்துத் தலை வாருவதை ஒழுங்கின் அடையாளமாகக் கொள்ளும் ஊரில் அதனைப் பக்குவமாக விளக்குவதும் பதிவாளரின் வேலையாகிவிடுகின்றது.

மூளையின் மின்னலை ஒரு வோல்ற்றின் மில்லியனிற் சில பத்துப் பங்கு அளவானது. கண்ணிமைப்பும் பல்லைக் கடிப்பதும் அதனை விடப் பெரிய அலையை எழுப்பும். மின்கம்பியின் 50 ஹேட்ஸ் அதிர்வு எல்லாவற்றையும் மூடிவிடும். வியர்வை, மெதுவாக ஏறியிறங்கும் போலி அலையைத் தரும். வாவிக்கரையின் புழுக்கத்தில் இது சிறிய இடரன்று. எது மூளையின் அலை, எது வியர்வையின் அலை என்று பதியும் அக்கணத்திலேயே பிரித்தறிந்து, மின்வாயைத் திருத்தி, குறிப்பெழுதுபவர் பதிவாளர். அக்குறிப்பு இல்லையெனில், பின்னர் அதனை வாசிக்கும் நரம்பியல் நிபுணர் வியர்வையை நோயென்று கொள்ள நேரலாம். வலிப்பைத் தெய்வக் குற்றமாகவும் குடும்ப இழுக்காகவும் கருதி மறைக்கும் வழக்கம் முற்றாக அகலாத சமூகத்தில், பிள்ளையை அழைத்து வரும் தாய் ஒரு மணித்தியாலம் வரை நேருக்கு நேர் இருப்பதும் இப்பதிவாளரோடுதான்.

தொழிலின் படிகள்

ஆய்வுகூடத் தொழிலுக்குள் நுழையும் வழிகள் இலங்கையில் இரண்டு. சுகாதார சேவை வழியில், உயர்தர வகுப்பில் உயிரியற் பிரிவிற் சித்தியெய்தியோர் தெரிவு செய்யப்பட்டு, மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தோடு இணைந்த பாடசாலையிலோ பிற பயிற்சி நிலையங்களிலோ பயின்று, இலங்கை மருத்துவச் சபையிற் பதிவு பெற்று, மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராக நியமனம் பெறுகின்றனர். பின்னர் தரம் தரமாக உயர்ந்து மேற்பார்வையாளராகவோ பயிற்சியளிப்பவராகவோ ஆகலாம். இத்துறையிற் பட்டப்படிப்பு, 2000களிலிருந்து பல்கலைக்கழகங்களில் வளர்ச்சி பெற்றது. பல்கலைக்கழக வழியில், ஆய்வுகூட உதவியாளர், தொழினுட்ப உத்தியோகத்தர் என்ற பதவிகள் உள்ளன. மாணவர் பார்க்கும் தகடுகளைத் தயாரிப்போரும், கருவிகளைப் பழுதின்றிக் காப்போரும், கற்கவரும் தலைமுறைகள் மாறினும் தாம் மாறாதிருப்போரும் இவர்களே.

1981 இல் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. 2000களின் நடுப்பகுதியில் அதன் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் தோன்றிய பின்னரே, வாவிக்கரையில் மருத்துவக் கல்விக்குரிய உடற்கூற்றியல், உடற்றொழிலியல் ஆய்வுகூடங்கள் அமைந்தன. அதுவரை இப்பிரதேச மாணவரொருவர் மூளைத் தகட்டைத் தயாரிக்கவோ பார்க்கவோ கொழும்புக்கோ பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு சென்று பயின்றோர் பலர் அங்கேயே தங்கினர். வேறு பலர் வளைகுடா நாடுகளுக்கும் மேற்கு நாடுகளுக்கும் சென்றனர். போர் அவ்வோட்டத்தை மேலும் விரைவுபடுத்தியது. கருவி போனால் மற்றொன்று வாங்கலாம். பத்தாண்டு பழகிய கை வெளியேறினால், அக்கையிடம் கற்கவிருந்த அடுத்த கையும் இல்லாமற் போகின்றது. ஆய்வுகூட அறிவு கையிலிருந்து கைக்குச் செல்வது என்பதால், ஒரு தலைமுறையின் வெளியேற்றம் இரு தலைமுறையின் இழப்பாகும்.

மொழியும் இத்தொழிலின் ஒரு படி. தாய்மொழியில் விஞ்ஞானம் கற்று வரும் மாணவர், ஆங்கிலக் கையேடும் ஆங்கிலப் பெயரிட்ட போத்தலும் நிறைந்த ஆய்வுகூடத்துள் நுழைகின்றார். இவ்விடைவெளியை முன்னுணர்ந்தவர் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892-1947). யாழ் நூலின் ஆசிரியராகவே அவரைப் பலர் அறிவர்; அவர் இரசாயன ஆசிரியராகவும் இருந்தவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக விஞ்ஞானத் துறைகளுக்கான கலைச்சொற் தொகுதி 1938 இல் வெளிவந்தது. சுதந்திர இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டு அப்பணியைத் தொடர்ந்தது. ஆயினும் இச்சொற்கள் பாடநூலோடு நின்றன; ஆய்வுகூட மேசையை வந்தடையவில்லை. ஒரு நிறமூட்டும் முறையைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை தமிழிற் கூறும் செய்முறைக் கையேடுகள் மிக அரிதாகவே உள்ளன. பாடநூலை எழுதியவர் விரிவுரையாளர். கையேட்டை எழுதத்தக்கவர் தொழினுட்பவியலாளர். அவர் எழுதத்தக்கவர் என்று கருதப்படாமையே இக்குறைக்குக் காரணம்.

பெயரும் பொறுப்பும்

கணினியும் தன்னியக்கக் கருவியும் வந்தபின் இத்தொழில் மறைந்துவிடும் என எண்ணுவோர் உளர். அண்மைக்கால வரலாறு அவ்வாறு கூறவில்லை. பெங்களூரில் 1974 இல் உருவான தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிறுவனத்தில் 1995 இல் மனித மூளைத் திசு வங்கி ஏற்பட்டது. அங்கு மூளைகளைப் பெற்று, பிரித்து, பதப்படுத்தி, குறியிட்டுக் காப்பது முழுமையாகப் பயின்ற கைகளின் தொழில். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு மையம், மனிதக் கருவின் மூளையை 5,000க்கு மேற்பட்ட சீவல்களாக்கி, கணினியில் முப்பரிமாண வரைபடமாகத் தொகுத்து, "தரணி" என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. கணினி எத்துணை வல்லதாயினும், சீவல் கிழிந்தால் அது காட்டுவது கிழிசலையே. கருவி நுண்மையுற நுண்மையுறத் தயாரிப்பின் பொறுப்புக் கூடியதேயன்றிக் குறையவில்லை.

வில்லிஸ் தமது உதவியாளரின் பெயரை எழுதியது ஒரு முன்னுரையிற் சில வரிகளே. அவ்வரிகள் மூன்றரை நூற்றாண்டு நிலைத்துள்ளன. வாவிக்கரையின் பல்கலைக்கழகத்திலும் வைத்தியசாலையிலும் செய்யப்படும் ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். ஆய்வேட்டின் நன்றியுரையில் "ஆய்வுகூட ஊழியர்கள்" என்று பொதுப்பட எழுதுவதற்கும், தகடுகளைத் தயாரித்தவர் இன்னார் என்று பெயரைக் குறிப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு மரியாதை சார்ந்தது மட்டுமன்று. யார் தயாரித்தார், எந்நாளில், எம்முறையில் என்ற குறிப்பு ஆய்வின் நம்பகத்தன்மையின் ஒரு பகுதி. பிழை நேர்ந்தபோது பெயர் தேடப்படுமானால், பிழையற்றபோதும் பெயர் எழுதப்படுதல் வேண்டும்.

உயர்தரப் பரீட்சையில் மருத்துவ பீடத்துக்குச் சில புள்ளிகளால் தெரிவாகாத மாணவர் பலர் இத்தொழிலைத் தோல்வியின் மறுபெயராகக் கருதி, விருப்பமின்றி ஏற்கின்றனர். படுவான்கரையில் கடியுண்ட ஒரு பிள்ளைக்கு ஊசியை நிறுத்தலாமா, தொடரலாமா என்ற வினாவுக்கு விடை ஒரு தகட்டில் இருக்கின்றது. அத்தகட்டைக் கழுவுபவர் விருப்பமின்றிக் கழுவுவதும் விரும்பிக் கழுவுவதும் ஒன்றல்ல. இத்தொழிலுக்குரிய மதிப்பை அளிப்பது, அத்தொழில் செய்வோருக்குச் செய்யும் உபகாரமாக அன்றி, அப்பிள்ளைக்குச் செய்யும் கடமையாகவே கொள்ளத்தக்கது.